நாற்பது பாகம் கயிறு

கிள்ளை,
ஆவணி 14

அன்பு மகள் இசைவாணிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, நீ வளர்த்துவிட்டுப் போன பூனை, அது புதிதாகப் போட்டிருக்கும் மூன்று குட்டிகள் எல்லோரும் சுகம். திப்ரூகரில் நீ சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நேற்றுச் சாயங்காலம்தான் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன், கன்னம் ஒட்டியிருக்கிறது, அது கேமராவின் குற்றம் என்றாய், நானும் நம்பிவிட்டது போல இருந்துகொண்டேன். தினமும் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசும் அழகு உனக்குத் தெரியாததா. அப்பா ஸ்பீக்கரில் போடாமல் பேச மாட்டார், ஸ்பீக்கரில் போட்டால் நீ கேட்கும் கேள்விக்குப் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொல்வான். நான் சொல்லப் போவது அப்பாவைப் பற்றி, அதைவிட அதிகமாக என் அசட்டுத்தனத்தைப் பற்றி. இரண்டையும் வேலி தாண்ட விட எனக்கு மனமில்லை. இன்னொன்று, உன்னிடம் ஒரு பொருள் கேட்கப் போகிறேன், அது போன் வழியாக வராது, கவரில்தான் வரும். அதைக் கடைசியில் சொல்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, நீ எந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படிப்பாய்.

வைகாசியில் அப்பாவின் பழைய நங்கூரம் போனது உனக்குத் தெரியும். நான்கு கொக்கி வைத்த அந்த இரும்பு, இவர்கள் பார் என்று சொல்லும் பாறையின் இடுக்கில் மாட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டது, காற்று ஏறியதும் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார்கள். கடலுக்கு அடியில் கிடக்கும் அந்தப் பாறைத் திட்டுதான் அப்பாவுக்கு எல்லாம், சங்கராவும் களவாவும் அதைச் சுற்றித்தான் திரிகின்றன, தூண்டில்காரனின் படகு அதற்கு நேர் மேலே அசையாமல் நிற்க வேண்டும், முப்பது அடி விலகி நின்றால் வீட்டில் இருந்திருக்கலாம். பெரிய விசைப்படகில் கூலிக்குப் போனது போதும் என்று நம் சிறிய பைபர் படகை வாங்கிய நாளிலிருந்து அவர் நம்புவது அந்த ஒரு திட்டைத்தான். ஆக, புது நங்கூரம் வேண்டும். அதை நான் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்று முன்வந்தேன். என் தகுதிகளைக் கேட்டுக்கொள். காடாம்புலியூரில் முந்திரிக்காட்டுக்கு நடுவே பிறந்தவள், இருபத்து நான்கு வருஷத்தில் நான்கே முறை கடலுக்குள் போனவள், நான்கு முறையும் முகத்துவாரம் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்தவள். கல்யாணமான புதிதில் அப்பா ஏதோ ஓர் இடத்தைச் சொல்லி ஆழம் பத்து பாகம் என்றார். எனக்குப் பாகம் என்றால் நாவலின் முதல் பாகம், இரண்டாம் பாகம். பத்து பாகம் எழுதுகிற அளவுக்கு அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரித்துக் காட்டி, ஒரு விரல் நுனியிலிருந்து இன்னொரு விரல் நுனி வரைக்கும் ஒரு பாகம், ஆறடி வரும், இதான் எங்க ஸ்கேலு என்றார். அந்தக் கைகளைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியதை மகளுக்கு எழுத முடியாது, விட்டுவிடுகிறேன்.

நான் எந்த வேலையையும் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றிப் படிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும், படித்து முடிப்பதற்குள் அந்த வேலையை வேறு யாராவது செய்துவிடுவார்கள் என்பதும் தெரியும். சிதம்பரத்தில் அச்சகத்தில் பிழை திருத்தும் நேரம் போக மீதி நேரமெல்லாம் நங்கூரம் படித்தேன். பஸ்ஸில் படித்தேன், மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, சேற்றுக்கு எது, மணலுக்கு எது, பாறைக்கு எது என்று கட்டம் போட்டேன். பத்து நாள் ஆராய்ச்சிக்குப் பிறகு நான் கண்டுபிடித்தது என்னவென்றால், நங்கூரத்தைப் பாரின் மேல் போடக் கூடாது, நீரோட்டம் வருகிற பக்கமாகக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேற்றில் போட்டுவிட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே வந்தால் படகு தானாகப் பாருக்கு மேலே வந்து நிற்கும். இதை அப்பாவிடம் மிகுந்த பெருமையோடு சொன்னேன். அவர் தூண்டில் முள்ளைக் கட்டிக்கொண்டே, அதைத்தான் முப்பது வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கோம், அன்னிக்குக் காத்து மாறி இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு என்றார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, பணிவு வர வேண்டும் என்று வைத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை.

எடை விஷயத்தில்தான் பெரிய சண்டை. உன் கோவிந்தசாமி மாமா வந்து உட்கார்ந்து, நங்கூரம்னா வெயிட்டு தங்கச்சி, இருவது கிலோவுக்குக் கொறைஞ்சு வாங்குனா அது நங்கூரம் இல்ல, தராசுப் படிக்கல்லு என்றார். நான் விடவில்லை. படகைப் பிடித்து நிறுத்துவது எடையைவிட வடிவம்தான், மண்வெட்டி போலத் தட்டையான இரண்டு இரும்பு இலை வைத்தது சேற்றில் இழுக்க இழுக்க உள்ளே புதையும், அதற்கு ஏழரைக் கிலோ போதும், ஆனால் இழுப்பு தரையோடு படுத்து வர வேண்டும், அதற்கு நுனியில் இரண்டு பாகம் சங்கிலியும், ஆழத்தைப் போல நான்கு மடங்காவது கயிறும் வேண்டும் என்றேன். அவர் நம்பவில்லை. அதனால் வாசலில் பழைய அலுமினியத் தட்டில் களிமண்ணைக் குழைத்துப் பரப்பி, தோசைத் திருப்பியின் கைப்பிடியில் நூலைக் கட்டி, தாழ்த்திப் பிடித்து இழுத்துக் காட்டினேன், திருப்பி மண்ணுக்குள் இறங்கியது. உயர்த்திப் பிடித்து இழுத்தேன், பிடுங்கிக்கொண்டு வந்து மாமாவின் வெள்ளை வேட்டியில் சேற்றைத் தெளித்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டே, மச்சான், உன் ஊட்ல இன்னிக்கி தோசை கெடையாதுடா என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. நங்கூரத்தையே யோசித்துக்கொண்டு இருந்தவர் போல, அமரா சொல்றதுதான் சரி மச்சான், லேசானதாவே இருக்கட்டும் என்றார்.

வாணி, அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு மாதம் பொன்னாடை போல போர்த்திக்கொண்டு திரிந்தேன். எப்போதும் எதை வாங்கினாலும் கனமாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்து வாங்குகிற மனிதர், பாத்திரக் கடையில் குண்டானைத் தூக்கிப் பார்த்துவிட்டு இது தகரம் என்று வைத்துவிடுகிற மனிதர், என் வாதத்துக்குத் தலை வணங்கிவிட்டார் என்று எண்ணினேன். அச்சகத்தில்கூடச் சொன்னேன். உன்னிடமும் போனில் சொன்னேன், நீ கை தட்டினாய். ஏன் லேசானது வேண்டும் என்று அவரை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, ஜெயித்தவர்கள் கேள்வி கேட்பதில்லை போலிருக்கிறது.

ஆனியில் கடலூர் முதுநகருக்குப் போய் வாங்கி வந்தார். நங்கூரமும் சங்கிலியும் ஒரு கடையில், கயிறு மணவாளன் கடையில். நம் பார் பத்து பாகம் ஆழம், அதனால் கயிறு நாற்பது பாகம், மிதக்கிற கயிறு வேண்டாம், மூழ்குகிற நைலானாகப் பார்த்து வாங்குங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அப்படியே வாங்கி வந்தார். முதல் பத்து நாள் கடல் குளம் போலக் கிடந்தது, நங்கூரமும் நின்றது. ஆடியில் ஓட்டம் கூடியதும் நழுவ ஆரம்பித்தது. ஒரு நாள் விடியக்காலையில் படகு நழுவிப் போய் வைத்திலிங்கம் போட்டிருந்த வலையின் மேல் ஏறிவிட்டது. அவர் எழுந்து நின்று, இன்னாடா ஞானசேகரா, நங்கூரம் போட்டியா இல்ல மாலையில இருந்து பூவப் பிச்சுப் போட்டியா என்று கத்தியது இரண்டு மூன்று படகுகளுக்குக் கேட்டிருக்கிறது. அன்று சாயங்காலத்துக்குள் நம் நங்கூரத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். புக்கு நங்கூரம். மீன் வாங்கப் போனால் மாரியம்மாள் அத்தை கூடையை மூடிக்கொண்டே, இன்னா அண்ணி, புக்கு நங்கூரம் எத்தினி பக்கம் நவுந்துச்சு இன்னிக்கி என்று கேட்கிறாள். நானும் சிரித்துக்கொண்டு, இன்றைக்கு முன்னுரைதான் தாண்டியது என்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன் என்று எழுதினால் நீ கவலைப்படுவாய், அழவில்லை, நோட்டை எடுத்து மறுபடியும் படித்தேன், எனக்கு அதுதான் அழுகை.

சிரிப்போடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஆடி கடைசியில் திரும்பி வரும்போது முகத்துவாரத்துக்கு வெளியே இஞ்சின் நின்றுவிட்டது. மணல் திட்டில் அலை உடைகிற இடம் உனக்குத் தெரியும், அங்கே படகு குறுக்கே திரும்பிவிட்டால் கவிழ்ந்துவிடும். இஞ்சினைச் சரி பண்ணுகிற வரைக்கும் பிடித்து நிறுத்த நங்கூரம் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆழம் குறைவுதான், ஆனால் அலை தூக்கித் தூக்கிப் போட, அப்பா எண்ணி விட்ட கயிறு போதவில்லை, நங்கூரம் பிடிக்காமல் படகு அந்த வெள்ளை நுரையைப் பார்த்துப் பின்னாலேயே போயிருக்கிறது. அப்பாவோடு படகில் போகும் கார்த்திகேசன் இஞ்சின் கயிற்றை மூன்றாவது தரம் இழுத்தபோது பற்றிக்கொண்டது. இதை அப்பா சொல்லவில்லை. கார்த்திகேசன்தான் வேலியோரம் நின்று, எப்போதும் கத்துகிற குரலை அன்றைக்குத் தாழ்த்தி, அண்ணி, இன்னும் பத்து நிமிஷம் லேட்டாயிருந்தா சங்கதி வேற மாதிரி போயிருக்கும், அந்த நங்கூரத்த மாத்திடுங்க என்றான்.

நான் தேர்ந்தெடுத்த நங்கூரம். அன்றைக்கு முழுக்க அந்த எண்ணம்தான். மறுநாள் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்த கயிற்றை இறக்கித் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். ஏன் அளந்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் உயிரைக் காப்பாற்ற என்று எழுத ஆசைதான், ஆனால் என் நோட்டு தப்பாக இருக்க முடியாது, தப்பு வேறு எங்கேயாவது இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அளந்தேன். நாற்பது பாகம் என்றால் இருநூற்று நாற்பது அடி. இருந்தது நூற்று எண்பது. இரண்டாவது தடவையும் நூற்று எண்பது. நாலு மடங்கு என்று நான் மேடை போட்டுச் சொன்னது மூன்று மடங்குதான் கடலில் இறங்கியிருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. புக்கு நங்கூரம் நிரபராதி, மணவாளன் அறுபது அடியை விழுங்கிவிட்டான். அன்றைக்கு அச்சகத்துக்கு லீவு சொன்னேன், கயிற்றைச் சாக்கில் கட்டினேன், டேப்பையும் நோட்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு முதுநகர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று திருத்தித் திருத்தி வைத்துக்கொண்டு போனேன், ஒரு பிழை இல்லாமல்.

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தேன். மணவாளன் எனக்கு ஸ்டூலைத் தள்ளிப் போட்டுவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு, அக்கா, கயிறு நான் கிலோவுலதானே குடுக்கறேன், பாகத்துல எங்க குடுத்தேன், எடைக்கு உண்டான கயிறு உங்க சாக்குலயே கெடக்குது பாருங்க என்றார். அப்போ நாற்பது பாகம் என்று அளந்தது யார் என்று கேட்டேன். அண்ணன்தான், இதே எடத்துல நின்னு அவரேதான் அளந்தாரு, நான் அறுத்துக் குடுத்தேன், அம்புட்டுதான் என்றார். சொல்லிவிட்டு, மற்றவர்களைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து குரலை இறக்கினார். கோவிச்சுக்காதீங்க அக்கா, அண்ணனுக்கு அந்த வலது கை பாதிக்கு மேல போகல, இடது கையி நேரா நிக்குது, வலது கையி தோ இப்பிடி மடங்கிக்கிட்டு நிக்குது, நாப்பது தரமும் அப்பிடியேதான் அளந்தாரு, நான் எப்பிடி சொல்றது, கடக்காரன் சொன்னா தப்பா எடுத்துக்குவாருல்ல என்றார். கயிற்றை மறுபடியும் சாக்கில் போட்டுக் கட்டினேன். வரும்போது அவர் ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். சண்டை போட வந்தவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வது.

ஒவ்வொரு பாகத்திலும் ஒன்றரை அடி குறைந்திருக்கிறது. பஸ்ஸில் அதைக் கணக்குப் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நான்கு மாதமாக அப்பா இடது கையால் தலை வாருகிறார், வகிடு மாறிவிட்டது, வயசு காலத்தில் ஸ்டைல் பார் என்று நான் கிண்டல் செய்தேன். தலை வழியாகப் போடும் பனியனை விட்டுவிட்டு பட்டன் சட்டை கேட்கிறார், ஊரில் பெரிய மனுஷனாகிவிட்டார் என்றேன். பரணில் இருந்த குண்டானை இறக்கச் சொன்னபோது நீயே ஏறி எடு என்றார், சோம்பேறி என்றேன். லேசான நங்கூரமே இருக்கட்டும் என்றார், என் அறிவுக்கு மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வாதத்தில் எனக்கு ஓட்டுப் போட்டது அவருடைய தோள்பட்டை. அச்சகத்தில் மற்றவர்களின் பிழையை ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கண்டுபிடிக்கிறவள், தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரைச் சரியாகப் படிக்கவில்லை.

வந்ததும் அவரிடம் பேசியிருக்க வேண்டும், புத்திசாலிகள் அதைத்தான் செய்வார்கள். நான் தந்திரம் செய்தேன். மணவாளனிடம் இருநூற்று நாற்பது அடிக்கு வேறு கயிறு வாங்கி வந்து, கடையில் மாற்றிக் கொடுத்தார்கள், இது நல்ல ரகம், நாற்பது பாகம் சரியாக இருக்கிறதாம் என்று சொல்லி அவர் முன்னால் வைத்தேன். எந்தக் கயிறு வந்தாலும் படகுக்காரன் தன் கையால் ஒரு தரம் அளக்காமல் படகில் ஏற்ற மாட்டான் என்பதை மறந்துபோனேன், கல்யாணமான வருஷத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம். அப்பா வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு அளந்தார். நான் கதவோரம் நின்று முதல் முறையாக அந்த வலது கையை மட்டும் பார்த்தேன். முழுதாக விரித்துவிட்டதாகத்தான் அவர் முகம் சொல்கிறது வாணி, அவர் ஏமாற்றவில்லை, முப்பது வருஷப் பழக்கத்தில் உடம்பே விரித்துவிட்டதாக நம்புகிறது. நாற்பது வந்ததும் கண்ணைத் திறந்து மீதியைப் பார்த்தார், அதையும் அளந்தார். அம்பத்தி மூணு, மணவாளன் ஏமாந்துட்டான் பாரு என்று சந்தோஷமாகச் சிரித்து, கத்தியை எடுத்துப் பதின்மூன்று பாகத்தை அறுத்துத் தனியாக வைத்துவிட்டார். அதை வீணாக்க வேண்டாம் என்று கொல்லையில் எனக்குத் துணி உலர்த்தக் கட்டிக் கொடுத்திருக்கிறார். யானையைக் கட்டலாம், அவ்வளவு உறுதி. அதில் என் ரவிக்கைகள் காய்கின்றன.

அதற்கு மேல் தாங்காமல் நேராகவே ஆரம்பித்தேன். தோள்பட்டை வலிக்கிறதா என்றேன், ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தது, சரியாயிடும் என்றார். டாக்டரிடம் போகலாமே என்றேன். அமரா, டாக்டர்கிட்ட போனா கட்டுப் போட்டுக் கடலுக்குப் போவாதேன்னுவான், மச்சானுக்குத் தெரிஞ்சா படக வித்துடுன்னுவாரு, நான் திரும்ப அந்தப் பெரிய போட்டுல போயி எவன் கிட்டயும் கை கட்டி நிக்க மாட்டேன், இத இதோட வுடு என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் நானும் அதோடு விட்டேன். மறைப்பதைப் பற்றி நான் யாருக்கும் பாடம் நடத்த முடியாது. போன வருஷம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் சுற்றமும் நட்டமும் சூழ வருக என்று அச்சாகி, ஐந்நூறு பத்திரிகையும் போன பிறகு தெரிந்ததே, அது டைப் அடித்தவர் தூக்கக் கலக்கம் என்று உன்னிடம் சொன்னேன். அதைத் திருத்த வேண்டியவள் நான்தான், எனக்கு எழுத்து மங்கலாகத் தெரிய ஆரம்பித்து ஒரு வருஷமாகியிருந்தது, சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சத்தமில்லாமல் கண்ணாடியை மாற்றிக்கொண்டேன், அதே போல ஒரு பிரேம் தேடி வாங்கினேன். அப்பா கண்டுபிடித்திருப்பார் என்றுதான் இப்போது தோன்றுகிறது, அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, அந்த மாதத்தில்தான் ஹாலில் பெரிய பல்பு ஒன்று மாட்டினார், கரண்டு பில் ஏறுகிறது என்று அதற்கும் நான் சண்டை போட்டேன்.

இப்போது உன்னிடம் இரண்டு உதவி. முதலாவது, பேங்க்கில் உன் பெற்றோருக்கும் மருத்துவ வசதி உண்டு என்று சொன்னாயே, அதற்கு இரண்டு பேரும் ஒரு தரம் உடம்பைக் காட்டி டாக்டர் கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும் என்று அடுத்த தடவை ஸ்பீக்கரிலேயே சொல்லு, கார்த்திகேசன் உட்பட எல்லோரும் கேட்கட்டும். பொய் சொல்லச் சொல்லும் தாயாகிவிட்டேன், அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள். சிதம்பரத்தில் எலும்பு டாக்டர் ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறேன், கட்டுப் போடுவதில்லை, பயிற்சிதான் சொல்கிறார், மெதுவாகக் கை விரியும், ஆறு மாதமாகலாம் என்கிறார். ஆனால் வாடைக் காற்று ஆறு மாதம் காத்திருக்காது, ஐப்பசிக்குள் படகில் சரியான நீளத்தில் கயிறு இருக்க வேண்டும், கை விரிகிற வரைக்கும் எண்ணி விடுவதற்குக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சாகக் குறி இருக்க வேண்டும். டேப்பால் அளந்து முடிச்சுப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். டேப்பு கடையில விக்கிறது, எந்தக் கடல்ல எறங்கிப் பாத்துச்சு அது என்பார். இன்னொருவன் கையளவையும் ஏற்க மாட்டார். என் கைகளோ ஐந்தடிக்கும் குறைவு, நான் போட்ட பாகத்தில் நங்கூரம் இறக்கினால் அது பாதிக் கடலில் தொங்கும்.

நீ பேங்க் வேலைக்குக் கிளம்புகிற வாரம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா. ஹாலில் சுவரோடு முதுகை ஒட்டி உன்னை நிற்க வைத்து, கைகளை விரிக்கச் சொல்லி, இரண்டு விரல் நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பிறகு அதே இடத்தில் தான் நின்று பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை. என் பாகம் என் மொவளுக்கு அப்பிடியே வந்துருக்குதுடா என்று தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கோவிந்தசாமி மாமா, பொட்டப் புள்ளைக்கு எதுக்குடா பாகம், நகை போடு என்றதும், நகை அவளே வாங்கிக்குவா மச்சான் என்றார். அந்தக் கோடு இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டாம். பொங்கலுக்குச் சுவர் அழுக்காக இருக்கிறது என்று அதன் மேல் வெள்ளை அடித்தவள் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை, இந்தக் கடிதத்தில் எல்லாக் குற்றத்தையும் செய்தவள்தான்.

ஆகையால் ஒரு நூல் அனுப்பு. நீளாத நூலாகப் பார், கம்பளி வேண்டாம், அது இழுத்தால் நீளும். உன் ரூமில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு நூலின் நுனியைப் பிடிக்கச் சொல்லி, சுவரில் முதுகை ஒட்டி நின்று, உன் அளவை எடுத்து, வெட்டி, கவரில் வை. அப்பா பேருக்கு அனுப்பு. நானே பிரித்துக் கொடுத்தால் என் தந்திரம் என்று கண்டுபிடித்துவிடுவார், என்னை அவர் நன்றாகப் படித்துவிடுவார், நான்தான் அவரைப் படிக்கத் தெரியாதவள். கூடவே இரண்டு வரி எழுது, அப்பா, நம்ம படகுக் கயிற்றில் என் பாகமும் இருக்கட்டும், இந்த அளவில் முடிச்சுப் போடுங்கள் என்று, அவ்வளவு போதும். கை என்ற சொல்லே வர வேண்டாம். அவர் அந்த நூலை எடுத்துத் தன் மார்புக்குக் குறுக்கே பிடித்துப் பார்ப்பார். ஒன்றரை அடி தொங்கும். அதை அவர் தனியாகப் பார்க்கட்டும். நான் அந்த நேரம் அடுக்களையில் இருப்பேன், ஏதாவது பாத்திரத்தைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வந்து சொன்னாலும் சரி, சொல்லாமல் முடிச்சை மட்டும் போட்டாலும் சரி, படகு நிற்கும். கயிறு தயாராக இருக்கிறது, இன்னொரு இருநூற்று நாற்பது அடி வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மணவாளன் இந்த வருஷம் எனக்கு மட்டுமே கயிறு விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்து எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறாய் இவ்வளவு நேரம் என்று கேட்டார், நங்கூரத்தைப் பற்றி என்றேன். எழுது, எழுது, நல்ல நங்கூரம்தான், நாமதான் ஓட்டம் பாக்காம போட்டுட்டோம்னு எழுது என்றார். ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதும் அவர் ஒரு நாளும் புக்கு நங்கூரம் என்று சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். இதையும் தாமதமாகத்தான்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் பிஸ்கட்டில் மதியத்தை ஓட்டாதே. குளிர் ஆரம்பிப்பதற்குள் ஸ்வெட்டர் ஒன்று நல்லதாக வாங்கிக்கொள். பேங்க்கில் யாராவது உன் அசாமியப் பேச்சைக் கேட்டுச் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரித்துவிடு, எனக்கு அது இங்கே நன்றாகவே பழகிவிட்டது. நீ இருக்கும் ஊரில் மழையும் வெள்ளமும் உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும், நீ நினைத்த இடத்தில் நினைத்த மட்டும் நிலைத்து நிற்க உனக்கு எல்லாம் கூடி வரட்டும் என்று தில்லைக்காளி கோயிலில் விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அமராவதி

பின்குறிப்பு: அளக்கும்போது கூச்சப்படாமல் இரண்டு கைகளையும் நன்றாக விரி. விரல்களை மடக்காதே. உன் அப்பாவுடைய அளவு அது, அரை அங்குலம்கூடக் குறையாமல் அவருக்கு வந்து சேர வேண்டும்.